வெண்ணெய் வீட்டில் ஓர் எண்ணெய் பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அம்மாவும் மீன் சுத்தம் செய்தோம். முயிக்கு மீன். விரல் நீளம், வெள்ளி நிறம். இலை உதிர்ந்து முடியும் நாட்களில் எங்கள் ஏரியில் வலை கொள்ளாமல் விழும். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். கத்தி வேண்டாம். கட்டைவிரல் நகத்தைச் செவுளுக்குக் கீழே கொடுத்து ஓர் இழுப்பு. குடல் வந்துவிடும்.

அம்மா மூன்று முடிக்கும் நேரத்தில் நான் ஒன்று முடித்தேன்.

"கொதிகலனையெல்லாம் சோதிச்சு முத்திரை குத்துறவ நீ. ஒரு மீனோட வயித்தத் தொறக்க இவ்வளவு யோசனையா?"

"உள்ள அழுத்தம் எவ்வளவுன்னு பாக்கறேம்மா."

"பாரு பாரு. நீ பாத்து முடிக்கறதுக்குள்ள அது நாறிப் போயிரும்."

ரை தானிய மாவில் சதகுப்பை விதையை நசுக்கிப் போட்டு, மீனைப் புரட்டி, தட்டில் எண்ணெய் தடவி அடுக்கினாள். ஊரில் எல்லோரும் இதை வாணலியில் வெண்ணெய் நுரைக்க நுரைக்கப் பொரிப்பார்கள். அம்மா அடுப்பின் உள்ளறையை உச்ச சூட்டில் வைத்து, வால் முறுகும்வரை விடுவாள். கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். தொட்டுக்கொள்ளப் புளித்த பாலில் கடுகு விழுதும் வெங்காயத்தாளும். பக்கத்தில் சுட்ட பீட்ரூட்.

அப்பா வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம் சைமி?"

"நீ கை கழுவற நேரம்."

"கழுவிட்டேன்."

"அப்ப இன்னொரு தடவ கழுவு. கைதானே, தேஞ்சா போயிரும்?"

செவ்வாய்க்கிழமை காலை அம்மா சாலையோர அஞ்சல் பெட்டிக்குப் போனாள். வழியிலேயே விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. வயது எழுபத்தொன்பது.

அப்பாவுக்கு எண்பத்தேழு. அவர் வீட்டு ஆண்கள் யாரும் ஐம்பதைப் பார்த்ததில்லை. அவரை இந்த வயதுவரை கொண்டுவந்தது யார் என்று ஊருக்குத் தெரியும். தெரிந்தும் அடக்கத்துக்கு முன்பே கடையில் ஒருவர் சொன்னார்: "அம்பது வருஷம் வெண்ணெயத் தொடாம இருந்தா. கடைசியில என்ன ஆச்சு? அவதான் முதல்ல போனா." என் காதுபடத்தான் சொன்னார். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

*

வட கரேலியாவில் எங்கள் ஊர் கொய்வுலா. எழுபதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு பசு. எங்களிடம் பதினான்கு. காலையில் பால் வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போது சங்கத்திலிருந்து அதே வண்டியில் வெண்ணெய் வரும், கட்டி கட்டியாக. ரொட்டியில் அதைத் தடவும் கனத்துக்கு ஓர் அளவு இருந்தது: கடித்த இடத்தில் பல் பதிந்த தடம் தெரிய வேண்டும். தடம் தெரியாவிட்டால் அந்த வீட்டில் கஷ்டம் என்று பொருள்.

அப்பாவின் அப்பா வைக்கோல் வயலில் விழுந்தபோது நாற்பத்தாறு வயது. நெஞ்சு. அப்பாவின் அண்ணன் ரெய்னோ காட்டில் மரம் வெட்டப் போன இடத்தில், அறுத்த மரத்தின் மேலேயே சாய்ந்து கிடந்தார். நாற்பத்திரண்டு. அதுவும் நெஞ்சு. ரெய்னோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ஹெல்வி வீட்டில்தான் சாப்பாடு. ஹெல்வி அத்தை வைக்கும் பன்றிக் கொழுப்புக் குழம்பு ஊரறிந்தது. கொழுப்பை அதன் சொந்த நெய்யிலேயே வறுத்து, மாவு தூவி, உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுவார். எங்கள் ஊர் ஆண்கள் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போவார்கள்.

ரெய்னோவின் அடக்கத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. மாடு, பன்றி, ஆடு மூன்றையும் ஒரே பானையில் போட்டு முதல்நாள் சாயங்காலமே ரொட்டி அடுப்பில் வைத்த கறி. மேலே விரல் கனத்துக்குக் கொழுப்பு மிதக்கும். அம்மாதான் பரிமாறினாள். அவளுக்கு அப்போது முப்பது. மேசையைச் சுற்றிப் பார்த்ததாகப் பின்னால் சொன்னாள். விதவைகள் ஏழு பேர். நரைத்த தலையோடு ஓர் ஆண் இல்லை.

"அந்தக் கரண்டி என் கையிலதான் இருந்துச்சு. யாருக்கு ஊத்தறேன், என்னத்த ஊத்தறேன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்."

அந்த வசந்தத்தில் செவிலியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த பெண் இரண்டாவது முறையும் அடித்தாள். பிறகு மூன்றாவது முறை. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெண் உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை. அவளுக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் அம்மா கடைக்குப் போய் ஓர் எண்ணெய் பாட்டில் வாங்கி வந்தாள். அதைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தாள், வெளிச்சம் படும் இடத்தில். பால் வண்டி ஓட்டும் வெய்க்கோ கேன் எடுக்க வந்தபோது அதைப் பார்த்தார்.

"சைமி, தையல் மிஷினுக்கு எண்ணெய் போடப் போறியா?"

"உருளைக்கிழங்குக்கு."

"பதினாலு மாட்ட வச்சுக்கிட்டு பாட்டில்ல எண்ணெய் வாங்கற வீட்ட இப்பத்தான் பாக்கறேன். மாடுகளுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். அதுங்களுக்குக் கவலை இல்ல. உனக்குத்தான் இருக்கு."

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. சங்கத்தில் ஒருவர் அப்பாவைக் கேட்டார், பால் விற்றுத்தானே பிழைக்கிறோம், உன் பெண்டாட்டி நம் வயிற்றில் அடிக்கிறாளா என்று. அப்பா கூச்ச சுபாவம். சாவைவிட அந்தக் கேள்விக்குத்தான் பயந்தார். வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திட்டிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தார். அம்மா எடுத்துத் திரும்பத் திட்டில் வைத்தாள். ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு அப்பா விட்டுவிட்டார்.

அடுத்தது பால். ஆடை எடுத்த பாலை எங்கள் ஊரில் கன்றுக்கும் பன்றிக்கும்தான் ஊற்றுவார்கள். அம்மா அதைக் குவளையில் ஊற்றிச் சாப்பாட்டு மேசையில் அப்பா முன்னால் வைத்தாள். ஹெல்வி அத்தை நேரே வந்துவிட்டார்.

"என் தம்பிக்கு பன்னி குடிக்கற பாலக் குடுக்கறியாமே?"

"ஆமா அண்ணி. பன்னிக்கு நெஞ்சு நல்லாத்தானே இருக்கு."

"அதுக்கு நெஞ்சு அடைக்கறதுக்கு முன்னாடியே நாம அறுத்துடறோம்டி!"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் குவளையை எடுக்கவில்லை.

*

முதல் தோல்வி அவளுடையதுதான். அதை அவள் எல்லோரிடமும் சொல்வாள்.

கோடையில் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றினோம். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வேலைக்குக் கூலி கிடையாது. ஊர் ஆண்கள் சேர்ந்து வந்து செய்து கொடுப்பார்கள். வீட்டுக்காரர்கள் வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, நீராவிக் குளியலுக்குச் சவுனாவைச் சூடாக்கித் தர வேண்டும். அந்த ஒரு சாப்பாட்டில்தான் வீட்டுக்காரியின் மானம் இருக்கிறது. வருடக்கணக்கில் பேசுவார்கள்.

அம்மா உப்பையும் கொழுப்பையும் ஒரே நாளில் ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டாள். அவித்த முட்டைக்கோஸ், அவித்த கேரட், அவித்த மெலிந்த மாட்டிறைச்சி. எல்லாம் ஒரே நிறம். பன்னிரண்டு ஆண்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். தட்டைக் காலி செய்தார்கள். எழுந்து, எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார்கள். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. சவுனாவுக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் சவுனா பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. சாசேஜ் வாசனை. அடுப்பின் சுட்ட கற்கள் மேல் சாசேஜைப் போட்டு வாட்டித் தின்பது எங்கள் ஆண்களின் பழக்கம். ஆனால் அது வயிறு நிறைந்த பிறகு சும்மா ஒன்று கடிப்பதற்கு. அன்றைக்கு வந்த வாசனை ஒன்றிரண்டின் வாசனை இல்லை. பன்னிரண்டு பேரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு துண்டுக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். அப்பாவுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மா சவுனாவுக்குள் போய்க் கற்களைப் பார்த்தாள். கொழுப்பு வழிந்து கருகியிருந்தது. நான் பின்னாலேயே போனேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கல்லைத் தொட்டு, விரலை முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அவனுங்க மேல தப்பில்ல. நான் போட்டது வைக்கோல். இது சாப்பாடு."

அப்பா நிம்மதியாக, "அப்ப பழையபடியே செய்வியா?" என்றார்.

"ஏன் செய்யணும்? கருகினதுலதான் ருசி இருக்கு இல்மரி. கொழுப்புல இல்ல. இத்தன நாளா நான் காய அவிச்சுக்கிட்டே கெடந்திருக்கேன், மடச்சி."

*

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சமையலறையில் புகை. டர்னிப்பையும் கேரட்டையும் கட்டை விரல் பருமனுக்கு வெட்டி, எண்ணெயில் புரட்டி, ஓரம் கருகும்வரை சுட்டாள். அவித்தால் சப்பென்று இருக்கும் டர்னிப் சுட்டால் தேன் மாதிரி ஆகும். அதன் மேல் கடுகு விழுதைப் புளித்த பாலில் கரைத்து ஊற்றினாள். வெங்காயத்தை அவசரப்படாமல், ஏறக்குறையப் புகையிலை நிறம் வரும்வரை வதக்கினாள். காட்டுக் காளானை அடுப்புக்கு மேல் நூலில் கோத்துக் காயவைத்து, காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்திலேயே பொடித்தாள். காப்பியில் மூன்று வாரம் காளான் வாசனை. அப்பா ஒவ்வொரு வாய்க்கும் மூக்கைச் சுளித்தார்.

வியாழக்கிழமை என்றால் ஊர் முழுக்கப் பட்டாணி சூப். உப்பிட்ட பன்றிக்கால் இல்லாமல் அது சூப்பே இல்லை என்பார்கள். அம்மா பன்றிக்காலை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கருக்கிய வெங்காயம், காளான் பொடி, கை நிறைய மருவு இலை போட்டாள். மேலே, வறுத்த ரை ரொட்டித் தூள் ஒரு கரண்டி. இறைச்சி உருண்டையில் பாதிக்குப் பாதி துருவிய கேரட்டும் ஊறவைத்த ரொட்டியும். முட்டைக்கோஸையும் பார்லியையும் கொஞ்சம் கொத்திறைச்சியோடு தட்டில் பரப்பி, மேல்பரப்பு பழுப்பாகும்வரை சுட்டு, காட்டுச் சிவப்புப் பழத்தைச் சர்க்கரை இல்லாமல் நசுக்கித் தொட்டுக்கொள்ள வைத்தாள். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டால் உப்பைத் தேடத் தோன்றாது. இதை அவள் யாரிடமும் கற்கவில்லை. செய்து, தின்று, கொட்டி, திரும்பச் செய்து கண்டுபிடித்தாள். கொட்டியதைப் பன்றிகள் தின்றன. அந்த வருடம் எங்கள் பன்றிகள் ஊரிலேயே ஆரோக்கியமானவை என்று வெய்க்கோ சொல்லித் திரிந்தார்.

உப்புக்கு அவள் செய்தது வேறு. மேசையில் இருந்த உப்பு டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து பாதி ஓட்டைகளை மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்துவிட்டாள். அப்பா குலுக்கினார். மறுபடி குலுக்கினார்.

"உப்பு ஈரமாயிருச்சு போல."

"மழைக்காலம்ல."

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அடுத்த வசந்தத்தில் மீதி ஓட்டைகளிலும் பாதியை அடைத்தாள். அப்பா அப்போது குலுக்குவதையே குறைத்திருந்தார்.

*

ஆனால் சனிக்கிழமைகளில் அவருக்கு இரவுச் சாப்பாட்டில் பசி இருப்பதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்வார். வலை பார்த்தவர் கையில் மீன் இருக்காது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, முட்டைக்கோஸ்-பார்லித் தட்டை அடுப்பிலிருந்து எடுத்தவள் மேசைக்குக் கொண்டுவரவில்லை. கம்பளித் துணியில் சுற்றி, பனியில் காலால் உந்தித் தள்ளும் சறுக்கு நாற்காலியின் இருக்கையில் வைத்தாள்.

"தட்டப் புடிச்சுக்கிட்டு நீ உக்காரு. மடியில வச்சுக்க. சுட்டா சொல்லு."

"எங்கம்மா?"

"வலை பாக்க."

உறைந்த ஏரியின் ஓரமாக ஹெல்வி அத்தை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கதவைத் தட்டவில்லை. உள்ளே அப்பா மேசையில் இருந்தார். முன்னால் கொழுப்புக் குழம்பு. கையில் ரொட்டி. வெண்ணெயில் பல் தடம் தெளிவாகத் தெரிந்தது.

அம்மா சூடான தட்டை மேசை நடுவில் வைத்துத் துணியைப் பிரித்தாள்.

"ஒரு தட்டு குடுங்க அண்ணி."

"எதுக்கு?"

"என் புருஷன் சாப்பிடணும்."

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான். கண்ணு தெரியல? அவன் எப்படி எளச்சுப் போயிருக்கான்னு பாத்தியா? இந்த வீட்டுல நான் அவனுக்கு ஒரு வா சோறு போட்டா அது குத்தமா?"

"ரெய்னோவுக்குக் கடைசியா சோறு போட்டதும் இந்த மேசையிலதான் அண்ணி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அத்தையின் முகம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், ஈரம் இல்லாத கைகளை. அம்மாவும் சொன்ன பிறகுதான் உணர்ந்தாள். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"நீங்க அவர் மேல வச்சிருக்கற பாசம் எனக்குத் தெரியும். எங்கிட்டயும் அதே அளவு இருக்கு. ஆனா எனக்கு இவரு அறுபதுலயும் வேணும். எழுபதுலயும் வேணும். பல்லு கொட்டி, காது கேக்காம, எங்கிட்ட எரிஞ்சு விழற கெழவனா வேணும். நம்ம வீட்டுல அப்படி ஒரு கெழவன யாராவது பாத்திருக்கோமா? நீங்க பாத்திருக்கீங்களா?"

அப்பா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டையும் சாப்பிடறேனே."

"நெஞ்சு ரெண்டு இருக்கா உனக்கு?"

அத்தை எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து வந்தார். டக்கென்று மேசையில் வைத்தார், உடையாதது ஆச்சரியம். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தார். அப்பா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுடுதட்டின் முறுகிய ஓரத்திலிருந்து வெட்டி எடுத்துச் சாப்பிட்டார். சிவப்புப் பழத்தைத் தொட்டுக்கொண்டார். இன்னும் ஒரு துண்டு எடுத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

அத்தை ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார்.

"உப்பு பத்தல."

பிறகு சுடுதட்டின் மூலையில் ஒட்டியிருந்த கருகலைக் கரண்டியால் சுரண்டி எடுத்துத் தின்றார். மூன்று மூலைகளையும். ஒரு மூலையை எனக்கு விட்டார்.

அவர் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசிவரை வெண்ணெய்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கண்ணுக்கு நேராக ரொட்டியில் ஒரு விரல் கனத்துக்குத் தடவிக்கொள்வார். அம்மா கத்தியை எடுத்து நீட்டுவாள். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தம்பிக்குக் கொழுப்புக் குழம்பு ஊற்றவில்லை. அப்பா கேட்டிருக்கிறார். "உன் பெண்டாட்டிகிட்ட போய்க் கேளு" என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

*

அப்பாவுக்கு நாற்பத்தாறு ஆன கோடையில் அம்மா அவரைத் தனியாக வைக்கோல் வயலுக்கு விடவில்லை. தாத்தா விழுந்த அதே வயது. தானும் ஒரு வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். மதியச் சாப்பாட்டை வயலுக்கே கொண்டுபோனாள். நாற்பத்தேழாவது பிறந்தநாளுக்கு ஊர் ஆண்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள். வெண்ணெய் மேசையில் இருந்தது, வேண்டுபவர்களுக்கு. வெய்க்கோ சூப்பை மூன்று முறை வாங்கினார்.

"என்ன போட்டே இதுல?"

"தையல் மிஷின் எண்ணெய்."

பெண்கள் அதற்கு முன்பே வர ஆரம்பித்திருந்தார்கள், மாட்டுக்கொட்டகைப் பக்கமாக, பால் கேட்பது மாதிரி. காளானை எப்படிப் பொடிப்பது, அவர் உப்பு கேட்டால் என்ன செய்வது. அம்மா அவர்களைப் பின்வாசலில் நிற்கவைத்துப் பேச மாட்டாள்.

"முன்வாசல் வழியா வாங்க. நான் என்ன கள்ளச்சாராயமா காச்சறேன்? வெளிச்சத்துல வந்து கேளுங்க. உங்க புருஷன் உசுரோட இருக்கணும்னு ஆசப்படறதுக்கு வெக்கம் என்ன?"

சிலர் முன்வாசலுக்கு வந்தார்கள். சிலர் வரவே இல்லை. அந்தச் சிலரின் புருஷன்மார்களில் இரண்டு பேர் தொண்ணூறு வரை இருந்தார்கள், கொழுப்புக் குழம்போடு. வந்தவர்களின் புருஷன்மார்களில் இளம் வயதில் போனவர்களும் உண்டு. நான் அழுத்தக் கலன்களைச் சோதிப்பவள். ஒரு கலன் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எது வெடிக்கும் வாய்ப்பை அதிகமாக்கும் என்று சொல்லலாம். அம்மா செய்தது அதுதான். கடையில் பேசியவருக்கு இது புரியாவிட்டால் எனக்குக் கவலை இல்லை. அவள் தனக்காக எண்ணெய் வாங்கவில்லை. யாருக்காக வாங்கினாளோ அவர் இப்போது பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறார்.

*

அம்மாவின் அடக்கத்துக்குத் தேவாலயக் கூடத்துச் சமையல்காரம்மா கேட்டார்: "மூணு கறியும் சேத்து வழக்கமா வைக்கறதுதானே?"

"இல்ல. முட்டைக்கோஸ், பார்லி. சுட்ட டர்னிப். முயிக்கு மீன், அடுப்புல சுட்டது."

"துக்க வீட்டுச் சாப்பாடும்மா. ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். இந்த ஊர் அவங்களுக்குச் சொல்லாததா?"

ஹெல்வி அத்தை வந்தார். தொண்ணூற்று மூன்று. நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து தாளில் சுற்றிய வெண்ணெயை எடுத்து மேசையில் வைத்தார்.

"அத்த, இங்கயும் வெண்ணெய் இருக்கே."

"அது கூடத்து வெண்ணெய். இது சைமியோட சண்டை போடற வெண்ணெய். சும்மா இருடி."

ரொட்டியில் தடவினார். சரியாகப் பரவவில்லை. அப்பா கத்தியை வாங்கித் தடவிக் கொடுத்தார், கனமாக. பிறகு தன் தட்டுக்கு முட்டைக்கோஸை வெட்டிக்கொண்டார், முறுகிய ஓரத்திலிருந்து. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மேசைக் கடைசியில் பெர்த்தி உட்கார்ந்திருந்தான். அத்தையின் மகன். அறுபது வயது, மனைவி பிரிந்து போய் வெகுநாள் ஆயிற்று, தனியாக இருக்கிறான். செப்டம்பரில் அவனை ஆம்புலன்ஸ் தூக்கிக்கொண்டு போனது. நெஞ்சுக் குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் பெட்ரோல் பங்க் உணவகத்தில்தான் சாப்பாடு, தினமும். நான் காப்பி ஊற்றப் போனபோது குவளையைக் கையால் மூடிக்கொண்டான்.

"உங்கம்மா எங்கிட்ட வரேன்னு சொல்லியிருந்தாங்க. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"போன வாரம் கடையில, சாசேஜ் அலமாரிகிட்ட என்னப் புடிச்சுட்டாங்க. கூடையில இருந்தத எடுத்து எடுத்துத் திரும்ப வச்சாங்க. எல்லாரும் பாக்கறாங்கன்னேன். பாக்கட்டும்னாங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு வரேன், ஒரே ஒரு சாப்பாடு செய்யச் சொல்லித் தரேன், ஒண்ணு வந்துட்டா மத்ததெல்லாம் தன்னால வரும், நம்ம வீட்டு ஆம்பளைங்கள்ல ஒருத்தனையும் இனிமே நெஞ்சுக்குக் குடுக்கறதா இல்லன்னாங்க. திட்டிட்டுப் போறாங்கன்னுதான் நினைச்சேன்."

குவளையைத் தள்ளி வைத்தான்.

"எங்க வீட்டு அடுப்போட உள்ளறைய நான் ஒரு தடவகூடத் தொறந்ததில்ல. செருப்பு காயப் போட்டிருந்தேன் அதுல. திங்கட்கிழமை எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு, தேய்ச்சுக் கழுவி வச்சேன். அவங்க வந்தா திட்டுவாங்களேன்னு."

அன்று சாயங்காலம் அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கூடத்திலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களை இறக்க அம்மாவின் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு புதுச் சுடுதட்டு இருந்தது, ஒரு ஆள் சாப்பாட்டு அளவு. விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் ஒரு முட்டைக்கோஸ், ஒரு பொட்டலம் பார்லி, சின்ன எண்ணெய் பாட்டில் ஒன்று. முட்டைக்கோஸின் வெளி இலைகள் வாட ஆரம்பித்திருந்தன.